தாய் அமரும் இடத்தில்: டூலா ஆக எண்ணும் ஒருவருக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிப்பதாகவும், வயது முப்பத்து நான்கு என்றும், இரண்டு பிள்ளைகள் இருப்பதாகவும், தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதும் வேலையை விட்டுவிட்டு டூலா, அதாவது பிரசவத்தின்போது கூலி பெற்று உடனிருக்கும் துணைப்பெண், ஆகலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு தங்கையின் தலைப்பிரசவத்தில் ஒன்பது மணி நேரம் அவர் பக்கத்திலேயே நின்றதும், "அக்கா, நீ இல்லையென்றால் பயந்தே போயிருப்பேன்" என்று அவர் சொன்னதும் இந்த எண்ணத்துக்கு விதை என்கிறீர்கள். இணையவழிப் பயிற்சி ஒன்றுக்கு இந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்ட வேண்டும் என்பதால் உடனே பதில் கேட்கிறீர்கள். புதுச்சேரியில் மகப்பேறு வார்டுகளில் இருபத்தாறு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது கருவுற்ற பெண்களுக்கு வகுப்பெடுத்து வருபவள் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். வேலையை இப்போது விடாதீர்கள். இந்த மாதம் பணமும் கட்டாதீர்கள். உங்களுக்குத் தகுதி இல்லை என்று நான் கருதவில்லை. தங்கைக்கு அக்காவாக நிற்பதும், முன்பின் அறியாத பெண்ணுக்குக் கூலி பெற்றுக்கொண்டு துணை நிற்பதும் ஒன்றா என்ற கேள்வியை நீங்கள் இன்னும் உங்களிடம் கேட்டுக்கொள்ளவில்லை என்று உங்கள் எழுத்திலிருந்து தெரிகிறது.

டூலா என்பது கிரேக்க மொழியில் பணிப்பெண்ணைக் குறிக்கும் சொல். மானிடவியலாளர் டேனா ராஃபேல் 1970களில் பிள்ளை பெற்றவளுக்கு உதவும் பெண்ணைக் குறிக்க அதை எடுத்தாண்டார். பிறகு பிரசவ வலியின்போது உடனிருப்பவருக்கும் அப்பெயர் வழங்கலாயிற்று. தமிழில் பேறுகாலத் துணை என்று சொன்னாலே போதும். நம்மிடம் இதற்குப் பெயர் இல்லாவிட்டாலும் கதை இருக்கிறது. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் தாயுமானவர் சந்நிதியில் சொல்லப்படும் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள்: நிறைமாதக் கர்ப்பிணியான இரத்தினாவதியிடம் வந்து சேர வேண்டிய தாய், காவிரியில் வெள்ளம் பெருகியதால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே அத்தாயின் உருவில் வந்து வெள்ளம் வடியும்வரை அவளைப் பார்த்துக்கொண்டார். டூலாவின் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. கதையில் இறைவன் மருத்துவச்சியும் ஆனார். டூலாவுக்கு அந்தப் பாதி கிடையாது. கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பது, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பது, மருந்து கொடுப்பது, குழந்தையைக் கையில் ஏந்தி எடுப்பது ஆகிய எதுவும் அவர் வேலையல்ல. இடுப்பை அழுத்தித் தேய்த்துவிடுவது, நடக்கவும் பக்கம் மாறிப் படுக்கவும் உதவுவது, இரு வலிகளுக்கு இடையில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பது, மூச்சைச் சேர்ந்து விடுவது, டாக்டர் சொன்னதை அவளுக்குப் புரியும் சொல்லில் திருப்பிச் சொல்வது, எல்லாவற்றுக்கும் மேலாக அந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பது ஆகியவையே அவர் வேலை.

இந்த நகராமல் இருத்தலுக்கு ஆராய்ச்சிச் சான்று உண்டு. குழந்தை மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸும் ஜான் கென்னலும் அவர்கள் குழுவினரும் கௌதமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் நடத்தி 1980-இல் வெளியிட்ட ஆய்வில், துணை இருந்த பெண்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை சராசரியாக 8.8 மணி நேரமும், துணை இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரமும் ஆயின. அந்தத் துணைப்பெண்கள் மருத்துவப் பயிற்சி இல்லாத சாதாரணப் பெண்கள் என்பதையும், அவர்கள் கர்ப்பிணியை முதன்முதலாகச் சந்தித்ததே மருத்துவமனையில்தான் என்பதையும் கவனியுங்கள். நீங்கள் பணம் கட்ட நினைக்கும் பயிற்சியைப் பற்றிப் பின்னர் பேசும்போது இது தேவைப்படும். அது சிறிய ஆய்வு. அவ்வளவு பெரிய வித்தியாசத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்கக் கூடாது. 2017-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளையும், அவற்றில் பங்கேற்ற 15,000-க்கும் மேற்பட்ட பெண்களையும் சேர்த்துப் பார்த்தபோது, தொடர்ந்து துணை இருந்தால் சிசேரியன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாகவும், பிரசவ நேரம் சராசரியாக 40 நிமிடம் அளவுக்குக் குறைவதாகவும் கண்டது. அந்தத் தொகுப்பின் முந்தைய பதிப்பு, துணையிருப்பவர் மருத்துவமனை ஊழியராகவும் இல்லாமல், பெண்ணின் சொந்தக்காரராகவும் இல்லாமல் இருக்கும்போது பலன் கூடுதல் என்று குறிப்பிட்டிருந்தது. "அம்மா இருக்கும்போது கூலிக்கு ஓர் ஆள் எதற்கு?" என்று உங்களைக் கேட்பவர்களுக்கு நீங்கள் சொல்லக்கூடிய நேர்மையான விடை அதுதான். பெற்றவள் மகளின் வலியைப் பார்த்துத் தானும் துடிப்பாள். வேற்றாளுக்கு அந்தத் துடிப்பு இல்லை.

ஆனால் நம் பக்கத்தில் இந்த விடை பிரசவ அறையின் வாசலோடு நின்றுவிடுகிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது ஒரு துணையை அனுமதிக்கலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் நெறிமுறை வகுத்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் அந்த ஏற்பாடு அதற்கு முன்பே வந்துவிட்டது. அந்த நெறிமுறையின்படி துணை ஓர் உறவுக்காரப் பெண்ணாக இருக்க வேண்டும், தானும் பிள்ளை பெற்றவளாக இருந்தால் நல்லது, தொற்று நோய் இருக்கக் கூடாது, தூய உடை அணிந்திருக்க வேண்டும், பிரசவம் முழுவதும் உடனிருக்க வேண்டும், மருத்துவமனை ஊழியர்களின் வேலையில் தலையிடக் கூடாது, அறையிலுள்ள வேறு பெண்களைக் கவனிக்கவும் கூடாது. மறைவிட வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம். எப்படியானாலும் இடம் ஒருவருக்குத்தான். தலைப்பிரசவத்துக்கு மகளைத் தாய்வீட்டுக்கு அழைத்து வரும் நம் வழக்கத்தில் அந்த ஓர் இடம் யாருக்கு என்பது வளைகாப்பன்றே தீர்மானமாகிவிடும். கோரிமேடு ஜிப்மருக்கோ, எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனைக்கோ, கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கோ வரும் குடும்பங்கள் உங்களை அமர்த்திக்கொள்ள வேண்டுமென்றால், உறவினரல்லாத உங்களை மருத்துவமனை ஏற்றாலும்கூட, அந்தத் தாய் வெளியே உட்கார வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் எல்லாம் அந்த டாக்டரின் விருப்பம். சிலர் வரவேற்பார்கள், சிலருக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. ஆரோவில் சார்ந்த வெளிநாட்டவரிடமும் புதுச்சேரி நகரத்து இளம் தம்பதியரிடமும் டூலா என்ற சொல் ஓரளவு அறிமுகமாகியிருக்கிறது. மஞ்சக்குப்பத்திலோ நெல்லிக்குப்பத்திலோ நீங்கள் ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து விளக்க வேண்டியிருக்கும்; அதுவும் பெரும்பாலும் கர்ப்பிணியின் தாய்க்கே விளக்க வேண்டியிருக்கும். அவரைப் போட்டியாளராக ஆக்கிக்கொண்டால் அந்த வீட்டில் உங்களுக்கு வேலை இல்லை. வலி தொடங்கிய முதல் சில மணி நேரம், அதாவது இது சூட்டு வலியா பிரசவ வலியா என்று சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்துப் பார்க்கும் நேரம், உண்மையில் டூலா மிகவும் பயன்படும் நேரம். வீட்டில் இருந்தபடியே தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து நீங்கள் தைரியம் சொல்லலாம், வலியின் இடைவெளியைக் குறித்து வைக்கலாம், பனிக்குடம் உடைந்தாலோ இரத்தம் பட்டாலோ குழந்தையின் அசைவு குறைந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வண்டியேற்றலாம். மருத்துவமனை வாசலில் தாயை உள்ளே அனுப்பிவிட்டு நீங்கள் வெளியே நிற்கவும் தயாரா என்பதை யோசியுங்கள்.

வார்டில் நான் கண்ட இரவுகளில் ஒன்றைச் சொல்கிறேன். ஏழு பேர் வலியில் இருந்தார்கள். செவிலியர் நாங்கள் இருவர். ஒவ்வொருத்தியிடமும் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க முடியவில்லை. சுவரோரக் கட்டிலில் இருந்த பதினெட்டு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு யாரும் வரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தது. பக்கத்துக் கட்டிலில் தன் மகளுக்குத் துணையாக வந்திருந்த கிராமத்து அம்மா ஒருவர், தம் மகள் சற்றுக் கண்ணயர்ந்த நேரத்தில், ஒன்றும் பேசாமல் கையை நீட்டி அந்தப் பெண்ணின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான் செய்தார். அரை மணி நேரத்தில் அந்தப் பெண்ணின் கத்தல் முனகலாக மாறியது. இன்றைய நெறிமுறைப்படி அது தவறு. மற்றவரைத் தொடக் கூடாது. நான் தடுக்கவில்லை. அந்த அம்மாவுக்கு மூச்சுப் பயிற்சியும் தெரியாது, அக்குபிரஷரும் தெரியாது. வேறு யாராவது என்றால் "பொறுத்துக்கோம்மா, இன்னும் கொஞ்ச நேரம்தான்" என்று பத்துத் தடவை சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லவில்லை என்பதையே நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் எழுத்தில் தங்கைக்கு நீங்கள் சொன்ன ஆறுதல்களே நிறைய இருக்கின்றன. வாயை மூடிக்கொண்டு ஆறு மணி நேரம் இருக்க முடியுமா என்பதும் நீங்கள் உங்களைச் சோதித்துப் பார்க்க வேண்டியவற்றில் ஒன்று.

என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்ற இரண்டாம் ஆண்டு, அண்டை வீட்டுப் பெண்ணுக்குத் துணையாகத் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குச் சென்றேன். வலி மந்தமாக இருக்கிறது, வலியைத் தூண்டும் ஆக்சிடோசின் டிரிப்ஸ் போடலாம் என்று அங்கிருந்த இளம் டாக்டர் சொன்னபோது, இருபத்தாறு ஆண்டு அனுபவம் என் நாவில் ஏறிக்கொண்டது. "இன்னும் இரண்டு மணி நேரம் பார்க்கலாமே, டாக்டர்" என்றேன். என் கருத்து சரியா தவறா என்பது இங்கே முக்கியமில்லை. அந்தப் பெண் என்னைக் கேட்கச் சொல்லவில்லை; அவளுக்கு என்ன வேண்டும் என்று நானும் அவளைக் கேட்கவில்லை. டாக்டர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு குழந்தை பிறக்கும்வரை ஐந்து மணி நேரம் அவள் தனியாகக் கிடந்தாள். என் அறிவைக் காட்டியதற்கான விலையை அவள் கொடுத்தாள். "இந்த டிரிப்ஸ் எதற்கு, போடாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரிடம் கேட்க விரும்புகிறாயா?" என்று அவள் காதில் சொல்லியிருந்தால் போதும். டூலாவுக்கு அந்த அறையில் எந்த அதிகாரமும் கிடையாது. இருப்பதாக நினைத்துக்கொண்டால் அவரால் தீமைதான் விளையும். நீங்கள் தட்டிக்கேட்கும் குணம் உடையவர் என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அலுவலகத்தில் அது நல்ல குணம்.

உங்கள் கடிதத்தின் முதல் பத்தி முழுவதும் உங்கள் மூத்த பிள்ளை அறுவையில் பிறந்ததைப் பற்றியது என்பதை நீங்கள் கவனித்தீர்களோ இல்லையோ, நான் கவனித்தேன். யாரும் விளக்கிச் சொல்லாமல், கையெழுத்து வாங்கிக்கொண்டு அழைத்துப் போனார்கள் என்ற வருத்தம் பதினோரு ஆண்டுக்குப் பிறகும் ஆறவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் அதைச் சுமந்துகொண்டு இன்னொருத்தியின் பிரசவ அறைக்குள் நுழைந்தால், அவளுக்கு அறுவை தேவைப்படும் நேரத்தில் உங்கள் முகமே அவளிடம் "தோற்றுவிட்டாய்" என்று சொல்லிவிடும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் சிசேரியன். இந்திய அளவில் அது 21.5 விழுக்காடு. தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கும் மேல். உங்களை அமர்த்திக்கொள்ளக் கூடியவர்கள் பெரும்பாலும் அந்தத் தனியார் மருத்துவமனைகளுக்குப் போகிறவர்களே. ஆகவே நீங்கள் துணையிருக்கும் பெண்களில் பலர் அறுவை அறைக்குள் செல்வார்கள், கதவு மூடப்படும், நீங்கள் வெளியே இருப்பீர்கள். அந்த எண்ணிக்கையைக் குறைக்கும் போராளியாக உங்களை நினைத்துக்கொண்டால் ஆண்டு முடிவதற்குள் சோர்ந்துபோவீர்கள். அறுவை முடிந்து வெளியே வருபவளுக்கு, தையல் இழுக்காமல் பக்கவாட்டில் சாய்ந்து முதல் சீம்பாலைக் கொடுக்கக் கற்றுத்தருவதும் அதே அளவு முழுமையான பேறுகாலத் துணைதான் என்று உங்கள் மனம் ஒப்புக்கொள்ளுமானால், நீங்கள் இந்த வேலைக்கு ஆன ஆள். குழந்தை இறந்து பிறக்கும் பிரசவமும் உங்கள் வாழ்நாளில் வரும். அன்று உறவினர் அனைவரும் வெளியே அழுதுகொண்டிருப்பார்கள். உள்ளே அவளோடு இருக்க வேண்டியவர் நீங்கள்.

வீட்டிலேயே பிரசவம் வைத்துக்கொள்ள விரும்பும் குடும்பங்கள் உங்களைத் தேடி வரும் என்பதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். 2018 ஜூலையில் திருப்பூரில், காணொளிகளைப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்க முயன்று ஓர் ஆசிரியை இரத்தப்போக்கில் உயிரிழந்த செய்தி உங்களுக்கும் நினைவிருக்கும். பிள்ளை பெற்ற பின் ஏற்படும் இரத்தப்போக்கு ஒரு பெண்ணை இரண்டு மணி நேரத்துக்குள் கொன்றுவிடக்கூடியது. உங்கள் கையில் அதற்கு மருந்தும் இல்லை, உரிமையும் இல்லை. இந்தியாவில் டூலாவுக்கு அரசுப் பதிவோ உரிமமோ கிடையாது. 2018-இல் மத்திய அரசு கொண்டுவந்த மிட்வைஃப் (மருத்துவச்சி) பயிற்சிகூட ஏற்கெனவே செவிலியராக இருப்பவர்களுக்கான 18 மாதப் படிப்பு. எனவே தகுதி பெற்ற மருத்துவ உதவி இல்லாத பிரசவத்துக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும், எவ்வளவு நெருங்கிய உறவானாலும் போக மாட்டேன் என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவச்சி ஆகும் ஆசை உங்களுக்குள் இருந்தால் நேர்வழி செவிலியப் படிப்புதான். டூலா அதற்குக் குறுக்குவழி அல்ல.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு உங்கள் தொழில். ஒரு கர்ப்பிணிக்கு நீங்கள் சம்மதித்தால், குறித்த தேதிக்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம் என ஒரு மாதம் எந்த இரவிலும் கைபேசி ஒலிக்கலாம். ஆகவே மாதத்துக்கு இரண்டு பேருக்கு மேல் ஒப்புக்கொள்வது நாணயமல்ல. அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம். தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் உதவியும் கிடைக்கிறது. அந்தச் சூழலில் ஒரு துணைக்காகத் தனியே எவ்வளவு கொடுக்க மனம் வரும் என்று உங்கள் தெருவிலேயே நான்கு வீட்டில் கேட்டுப் பாருங்கள். இப்போது வாங்கும் சம்பளத்தை முதல் இரண்டு ஆண்டுகளில் இது ஈடுகட்டும் என்று நான் நம்பவில்லை. இரவு இரண்டு மணிக்கு நீங்கள் கிளம்பினால் பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கு அனுப்புவது யார் என்ற கேள்விக்கு, "வீட்டுக்காரர் ஆதரவாக இருக்கிறார்" என்பது போதிய விடையாகாது. அவருக்கு ஷிஃப்ட் வேலை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மழைக்காலமும் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்து, அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூரின் ஓரப் பகுதிகளுக்குள் புகுந்தபோது, புதுச்சேரியில் வலி கண்டவளிடம் கடலூரிலிருந்து யார் போயிருக்க முடியும்? காவிரிக் கரையில் நின்ற தாயின் நிலைதான் உங்களுக்கும். ஆகவே ஆற்றுக்கு இந்தப் பக்கம் நீங்கள், அந்தப் பக்கம் உங்களுக்குப் பதிலாகப் போகக்கூடிய இன்னொருவர் என்ற ஏற்பாடு இல்லாமல் யாரிடமும் முன்பணம் வாங்கக் கூடாது.

இன்னொரு வழி உண்டு. உங்கள் நிலையில் நான் அதைத்தான் முதலில் எடுப்பேன். பிள்ளை பெற்ற பிறகான நாற்பது நாள். குழந்தையைக் குளிப்பாட்ட வரும் அம்மாவுக்குக் கூலி கொடுப்பது நம் வீடுகளுக்குப் பழக்கமானது. எனவே பச்சை உடம்புக்காரிக்கு உதவ வெளியாள் வருவதை யாரும் விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். பால் கட்டிக்கொள்வது, காம்பு வெடிப்பது, இரவில் தூக்கமில்லாமல் அழுவது, பத்தியம் என்ற பெயரில் தண்ணீரும் காய்கறியும் குறைக்கப்படுவது என்று அங்கே தேவை குவிந்து கிடக்கிறது. குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதையும், முதல் சீம்பாலைக் கறந்து ஊற்றிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பதையும் பாட்டியின் மனம் நோகாமல் நிறுத்தத் தெரிந்தவருக்கு அந்த வீட்டில் எல்லாக் காலத்துக்கும் மதிப்பு உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தாய் எதிலும் ஒட்டாமல் அழுதுகொண்டே இருந்தால் அதைக் கண்ணேறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் அனுப்பவும் தெரிந்திருக்க வேண்டும். இது பகல் வேலை, நேரம் வகுத்துக்கொள்ளலாம், சனி, ஞாயிறுகளில் தொடங்கலாம், இப்போதைய வேலையை விட வேண்டியதில்லை.

பயிற்சியைப் பொறுத்தவரை, டூலாக்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தர 1992-இல் அமெரிக்காவில் தொடங்கிய டோனா போன்ற அமைப்புகள்கூடச் சில நாள் வகுப்போடு சான்றிதழ் கொடுத்துவிடுவதில்லை. உண்மையான பிரசவங்களில் துணையிருந்து, மதிப்பீடு பெற்றுவரச் சொல்கின்றன. நீங்கள் பார்த்திருக்கும் பயிற்சியில் அப்படி ஒன்றும் இல்லை என்றால், அது உங்களுக்குத் தருவது ஒரு காகிதம். கௌதமாலாவில் காகிதம் இல்லாத பெண்கள்தான் அந்த வேலையைச் செய்தார்கள். நான் படிப்பை இகழவில்லை. வலியின் கட்டங்களும் அபாய அறிகுறிகளும் பாலூட்டுதலும் கட்டாயம் கற்க வேண்டியவை. ஆனால் அதற்கு முன், அடுத்த ஆறு மாதத்தில், உறவிலோ தெருவிலோ கூப்பிடுகிற மூன்று பெண்களுக்குப் பணம் வாங்காமல் துணை போய்வாருங்கள். அவர்களில் ஒருத்தியாவது உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காதவளாக இருக்கட்டும். பிறகும் பணம் கட்டத் தோன்றினால் கட்டுங்கள். அடுத்த அணிக்கும் அவர்கள் இடம் வைத்திருப்பார்கள்.

அதற்கும் முன்பு உங்கள் தங்கையிடம் ஒன்று கேளுங்கள். நீங்கள் செய்ததில் எது பிடித்தது என்று கேட்க வேண்டாம். அதை அவர் சொல்லிவிட்டார். அந்த ஒன்பது மணி நேரத்தில் நீங்கள் செய்த எதை நிறுத்தச் சொல்ல நினைத்தார், சொல்ல முடியாமல் இருந்தார் என்று கேளுங்கள். அவர் யோசித்துச் சொல்லும்வரை குறுக்கே பேசாதீர்கள்.